ஒரு வயிற்றில் இரண்டு புற்று



புற்றுநோய் என்ற சொல்லை நம் வீடுகளில் இன்னமும் குரலைத் தாழ்த்திக்கொண்டுதான் சொல்கிறோம். பலர் அந்தப் பெயரைக்கூட வாயில் எடுப்பதில்லை. "அந்த வியாதி" என்பதோடு சரி. ஒரு புற்றுக்கே இப்படி அஞ்சுகிற நமக்கு, ஒரே இரைப்பையில் ஒரே காலத்தில் இரண்டு வெவ்வேறு புற்றுகள் குடியிருக்க முடியும் என்று கேட்டால் எப்படியிருக்கும்?

இருக்க முடியும். மிகவும் அபூர்வம்தான், ஆனாலும் உண்மை. உங்களைப் பயமுறுத்துவதற்காக இதை எடுத்துக்கொள்ளவில்லை. அந்த அபூர்வ நோயை வைத்தியர்கள் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டால், சாதாரண வயிற்றுவலிக்காரருக்கும் அதில் ஒரு பாடம் இருக்கிறது. ஒரு விடை கிடைத்ததும் தேடுவதை நிறுத்திவிடக்கூடாது என்பதே அந்தப் பாடம். வைத்தியருக்கும் அது பொருந்தும், நோயாளிக்கும் பொருந்தும்.

'கேஸ்ட்ரிக்' என்னும் போர்வை

சிரம்பான் பக்கமாகட்டும், போர்ட்டிக்சன், தம்பின், பகாவ் பக்கமாகட்டும், எந்தத் தோட்டத்து வீட்டிலும் கேட்டுப் பாருங்கள். வயிறு எரிந்தால் கேஸ்ட்ரிக். உப்பிசம் கண்டால் கேஸ்ட்ரிக். சாப்பிட்டது எதுக்களித்தால் அதுவும் கேஸ்ட்ரிக்தான். விடியுமுன் வெறும் வயிற்றில் ஒரு கோப்பி, பிறகு பிரட்டுக்கு ஓட்டம், பத்து மணிக்கோ பதினொரு மணிக்கோ ஆறிப்போன சோறு. குலை வெட்டி இடுப்புப் பிடித்துக்கொண்டால் கடையில் வாங்கிய வலி மாத்திரை. இப்படிப்பட்ட பிழைப்பில் நெஞ்செரிச்சல் வராவிட்டால்தான் ஆச்சரியம்! ஆகவே நம்மில் பெரும்பாலோருக்கு இருப்பது வெறும் அழற்சி அல்லது ஆறக்கூடிய புண்தான். இதை முதலில் மனத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 'கேஸ்ட்ரிக்' என்பது ஒரு நோயின் பெயரே அல்ல. 'இரைப்பையைச் சேர்ந்தது' என்பதுதான் அந்த ஆங்கிலச் சொல்லின் பொருள். நாமோ ஒரு பெயர் வைத்துவிட்டதாலேயே நோயைக் கண்டுபிடித்துவிட்டதாக எண்ணிக்கொள்கிறோம். அமிலத்தை அடக்கும் மாத்திரையை விழுங்கியதும் எரிச்சல் தணிகிறது. தணிந்ததும் மறந்துவிடுகிறோம். அந்த மாத்திரை சாதாரணப் புண்ணின் எரிச்சலைத் தணிப்பது போலவே புற்றுப் புண்ணின் எரிச்சலையும் தணிக்கும். சில சமயம் புண்ணின் மேற்பரப்பு ஆறிவிட்டது போலவே தோன்றச் செய்யும். உள்ளே இருப்பது அப்படியேதான் இருக்கும்.

செம்பனைக் காட்டில் வேலை செய்பவர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. கானோடெர்மா என்னும் காளான் தாக்கிய மரம் வெளிப்பார்வைக்கு வெகுநாள் நன்றாகவே இருக்கும். அடிமரத்தில் தட்டுத் தட்டாகக் காளான் வெளியே தெரியும்போது உள்தண்டின் பெரும்பகுதி அழுகி முடிந்திருக்கும். இரைப்பைப் புற்றும் அப்படித்தான். நம் நாட்டில் இந்த நோயாளிகளில் பெரும்பாலோர் நோய் முற்றிய பிறகே ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்கிறார்கள்.

இரைப்பையில் மூன்று வகைப் பகை

இரைப்பை என்பது ஒரே தோலால் ஆன பை அல்ல. உள்ளே வழவழப்பான உள்தோல் இருக்கிறது. அதில் அமிலமும் சளியும் சுரக்கும் நுண்ணிய சுரப்பிகள் உண்டு. அதற்கு வெளியே, உணவைப் பிசைந்து தள்ளுகிற தசைச் சுவர் இருக்கிறது. எந்த அடுக்கில், எந்த வகை அணுவில் புற்று தொடங்குகிறதோ அதைப் பொறுத்து அதன் குணம் மாறுகிறது.

முதல் வகை, உள்தோலின் சுரப்பிகளில் தோன்றுவது. அடினோகார்சினோமா என்று பெயர். இரைப்பைப் புற்று நூறு பேருக்கு இருந்தால் தொண்ணூறு பேருக்கு மேல் இந்த வகைதான். காலத்தில் கண்டுபிடித்தால் அறுவை செய்து அகற்றலாம், முற்றினால் கடினம்.

இரண்டாவது லிம்போமா. கிருமிகளை எதிர்த்துப் போரிடும் வெள்ளை அணுக்களில் தோன்றுவது. இதில் 'மால்ட்' என்ற ஒரு வகை மிக மெதுவாக வளரும். வேகமாக வளரும் வேறு வகையும் உண்டு. அதற்கு ஊசி மருந்துச் சிகிச்சை தேவைப்படும்.

மூன்றாவது 'ஜிஸ்ட்' எனப்படும் கட்டி. தசைச் சுவரில், இரைப்பையின் அசைவுக்குத் தாளம் போட்டுக் கொடுக்கும் அணுக்களோடு தொடர்புடையது. உள்தோலுக்கு அடியில் ஒளிந்து வளரும்.

இவற்றில் ஏதேனும் இரண்டு ஒரே இரைப்பையில் ஒரே சமயத்தில் காணப்படுவதைத்தான் கூட்டுப் புற்று என்கிறோம். ஒன்று ஒரு மூலையிலும் மற்றது வேறு மூலையிலும் தனித்தனியே இருக்கலாம். இரண்டும் வளர்ந்து ஒன்றோடொன்று மோதிக்கொண்டு பார்வைக்கு ஒரே கட்டிபோலவும் தெரியலாம்.

இரண்டா, ஒன்றின் பரவலா?

ஓர் உடம்பில் இரண்டு கட்டிகள் தெரிந்தால் உடனே நமக்குத் தோன்றுவது என்ன? "பரவிவிட்டது, இனி ஒன்றும் செய்வதற்கில்லை" என்பதுதான். ஆனால் பரவுவது வேறு, இரண்டாவது ஒன்று தானாக முளைப்பது வேறு.

இந்த வேறுபாட்டை முதலில் எடுத்துச் சொன்னவர்களில் ஒருவர் வியன்னா நகரத்து அறுவை மருத்துவர் பில்ரோத். இரைப்பைப் புற்றை 1881ஆம் ஆண்டு ஜனவரி 29ஆம் தேதி முதன்முதலாக வெற்றிகரமாக அறுத்து எடுத்தவரும் இவரே. அந்த அம்மையார் அறுவையிலிருந்து தேறி எழுந்தார். எனினும் நோய் முன்பே பரவியிருந்ததால் ஏறத்தாழ நான்கு மாதங்களே வாழ்ந்தார். ஒரே ஆளுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட தனிப் புற்றுகள் வரக்கூடும் என்று பில்ரோத் 1889ஆம் ஆண்டில் எழுதினார். பிறகு 1932ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வாரன், கேட்ஸ் என்ற இருவர் மூன்று விதிகளை வகுத்தார்கள். இரண்டு கட்டிகளும் உண்மையான புற்றாக இருக்க வேண்டும். இரண்டும் தனித்தனியாக இருக்க வேண்டும். ஒன்று மற்றொன்றிலிருந்து பரவியதாக இருக்கக்கூடாது. இன்றளவும் வைத்தியர்கள் கையாளும் அளவுகோல் அதுதான்.

இந்த விதிகளின் அருமை நோயாளியின் பக்கம் நின்று பார்த்தால்தான் தெரியும். ஒருவருக்கு இரைப்பை உள்தோலில் புற்று. சிடி ஸ்கேனில் இரைப்பையின் வெளிப்பக்கத்தில் இன்னொரு கட்டி. அதைப் பரவல் என்று தவறாக எண்ணிவிட்டால், "அறுவை செய்து பயனில்லை" என்ற முடிவுக்கு வந்துவிடலாம். அது தனியான ஒரு ஜிஸ்ட் கட்டி என்று தெரிந்தால், இரண்டையும் ஒரே அறுவையில் அகற்ற முடியலாம். ஒரு சிறு சதைத் துண்டைச் சோதிப்பதும் சோதிக்காததும் ஒரு குடும்பத் தலைவரின் ஆயுளையே தீர்மானிக்கக்கூடும் பாருங்கள்!

ஒரே தண்ணீரில் இரண்டு விளைச்சல்

இந்த இரண்டு புற்றுகளும் ஏன் ஒரே இடத்தில் சேருகின்றன? சில சமயம் தற்செயல்தான். ஜப்பானில், புற்றுக்காக அறுத்தெடுத்த 100 இரைப்பைகளை மெல்லிய துண்டுகளாக நறுக்கி மிக நுணுக்கமாகச் சோதித்து, 2006ஆம் ஆண்டில் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அவற்றில் 35 இரைப்பைகளில் மிகச் சிறிய ஜிஸ்ட் கட்டிகளும் இருந்தன! இத்தனைச் சிறியவை பெரும்பாலும் தீங்கு செய்யாமல் கிடந்துவிடும். தேடினால்தான் தெரியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

ஆனால் உள்தோல் புற்றும் மால்ட் லிம்போமாவும் சேர்ந்து வருவதற்குப் பெரும்பாலும் ஒரு பொதுக் காரணம் உண்டு. அதுதான் ஹெலிக்கோபேக்டர் பைலோரி என்னும் கிருமி.

அமிலம் நிறைந்த இரைப்பையில் எந்தக் கிருமியும் வாழ முடியாது என்றுதான் உலகம் வெகுகாலம் நம்பியது. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் திசு ஆய்வு மருத்துவர் ராபின் வாரன், 1979ஆம் ஆண்டில் இரைப்பைத் துண்டுகளில் வளைந்த வடிவில் கிருமிகளைக் கண்டார். இளம் மருத்துவர் பேரி மார்ஷல் அவரோடு சேர்ந்தார். கிருமியைத் தட்டில் வளர்க்க முயன்று முயன்று தோற்றார்கள். 1982ஆம் ஆண்டு ஈஸ்டர் விடுமுறையில், வழக்கமாக இரண்டு நாளில் வெளியே எடுத்துவிடும் தட்டுகள் ஐந்து நாள் அப்படியே இருந்துவிட்டன. திரும்பி வந்து பார்த்தால் கிருமி வளர்ந்திருந்தது! யாரும் நம்பாததால், 1984ஆம் ஆண்டில் மார்ஷல் அந்தக் கிருமியைத் தாமே குடித்தார். சில நாளில் வாந்தியும் இரைப்பை அழற்சியும் கண்டன. 2005ஆம் ஆண்டு இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. இதற்கிடையே 1994ஆம் ஆண்டிலேயே உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, இந்தக் கிருமி மனிதருக்குப் புற்றை உண்டாக்கக்கூடியது என்று அறிவித்துவிட்டது.

கிருமி இரைப்பையில் குடியேறினால் அழற்சி ஆண்டுக்கணக்கில் ஓயாமல் நடக்கிறது. உள்தோல் மெலிகிறது, நாளடைவில் அதன் சுரப்பிகளின் தன்மை மாறுகிறது. ஒரு சிலருக்கு அங்கே அடினோகார்சினோமா முளைக்கிறது. அதே சமயம் கிருமியோடு போரிட உடம்பு வெள்ளை அணுக்களை அங்கே அனுப்பிக்கொண்டே இருக்கிறது. அவை முகாம் போட்டுத் தங்கிவிடுகின்றன. அந்தக் கூட்டத்தில் சில கட்டுக்கடங்காமல் பெருகினால் அதுவே மால்ட் லிம்போமா. ஒரே வாய்க்கால் தண்ணீரில் இரண்டு விதக் களை முளைப்பது போலத்தான் இதுவும்.

லண்டனில் டாக்டர் ஐசக்சன் குழுவினர் 1993ஆம் ஆண்டில் வெளியிட்ட செய்தி வைத்திய உலகை வியக்க வைத்தது. மால்ட் லிம்போமா கண்ட ஆறு பேருக்குக் கிருமியைக் கொல்லும் மாத்திரைகளை மட்டும் கொடுத்தார்கள். ஐந்து பேருக்குப் புற்று பின்வாங்கியது. கத்தியும் இல்லை, கதிர் வீச்சும் இல்லை! இன்றும் ஆரம்ப நிலையில் உள்ள மால்ட் லிம்போமாவுக்கு, கிருமி இருந்தால், முதல் சிகிச்சை அதுதான்.

ஆனால் அடினோகார்சினோமா அந்த மாத்திரைகளுக்கு மசியாது.

நம் இனமும் இந்தக் கிருமியும்

"இது வெள்ளைக்காரன் நாட்டுக் கதை, நமக்கென்ன?" என்று இருந்துவிட முடியாது. மலாயாப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் கோ கியன் லீயும் நுண்ணுயிர் ஆய்வாளர் பராசக்தியும் 2001ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மலேசியாவில் இந்தியரிடமும் சீனரிடமும் இந்தக் கிருமி அதிகம், மலாய்க்காரரிடம் குறைவு என்பது அதன் முடிவு. சீனத்திலிருந்தும் இந்தியாவிலிருந்தும் பிழைக்க வந்தவர்கள் கிருமியையும் வயிற்றில் சுமந்து வந்து, வீட்டுக்குள்ளேயே தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளுக்குக் கொடுத்திருக்கலாம் என்பது அவர்கள் தரும் விளக்கம். இந்தக் கிருமி பெரும்பாலும் சிறு வயதில், நெருக்கமான வீட்டில், ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றுகிறது. ஒரே அறையில் ஆறேழு பேர் படுத்து எழுந்த லயத்து வீடுகளில் இது பரவாமல் எப்படியிருக்கும்?

அப்படியிருந்தும் இரைப்பைப் புற்று இங்கே சீனரைவிட இந்தியரிடம் குறைவாகவே காணப்படுகிறது. இது ஆராய்ச்சியாளரை இன்றும் வியக்க வைக்கும் புதிர். கிருமி உள்ளவர்களில் புற்று வருவது நூற்றில் ஒருவருக்கோ, இரண்டு மூன்று பேருக்கோதான். எனவே கிருமி இருக்கிறது என்று சொன்னால் கலங்க வேண்டியதில்லை. அதற்காக அலட்சியமும் கூடாது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954ஆம் ஆண்டில் தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையத்தின் பதிவேடுகளைப் பார்த்தால், சென்னை ஆண்களிடையே இரைப்பைப் புற்று நீண்ட காலம் முன்வரிசையில் இருந்திருக்கிறது. அங்கே டாக்டர் சாந்தாவும் டாக்டர் கஜலட்சுமியும் 1996ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு, புகைப்பதும் ஊறுகாய் வகைகளும் ஆபத்தைக் கூட்டுவதாகச் சொன்னது. மலேசியாவில் டாக்டர் கோவின் குழு 2007ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வும் புகையையும் உப்பிட்ட மீனையும் குற்றம் சாட்டியது. அதே ஆய்வு, பச்சைக் காய்கறியும் பழமும் காப்பாற்றும் என்றது. கருவாட்டைக் குறைத்துக் கீரையைக் கூட்டுவது நம் கையில் இருக்கிறது அல்லவா?

வைத்தியர் எப்படித் தேடுகிறார்?

இரைப்பைக்குள் எட்டிப் பார்க்கும் கருவியை நாம் 'ஸ்கோப்' என்கிறோம். வளையும் கண்ணாடி இழைகளின் வழியே படத்தைக் கடத்த முடியும் என்று 1954ஆம் ஆண்டில் லண்டனில் காட்டிய இருவரில் ஒருவர் பஞ்சாபில் பிறந்த நரிந்தர் சிங் கபானி. அதை வைத்து 1957ஆம் ஆண்டில் அமெரிக்காவில் டாக்டர் ஹிர்ஷோவிட்ஸ் வளையும் இரைப்பைக் கருவியைச் செய்தார். இன்று அதன் நுனியில் சின்னஞ்சிறு கேமராவே இருக்கிறது.

ஸ்கோப் என்றதும் ஓடிவிடாதீர்கள். முதல்நாள் இரவுக்குப் பிறகு சாப்பிடாமல் வரச் சொல்வார்கள். தொண்டையை மரத்துப்போகச் செய்ய மருந்து தெளிப்பார்கள், தேவையானால் மயக்க ஊசியும் உண்டு. இடப்பக்கம் சாய்ந்து படுக்க வேண்டும். சுண்டுவிரல் பருமனுள்ள குழாய் உள்ளே போகும். பத்துப் பதினைந்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். சதைத் துண்டு எடுக்கும்போது வலிக்காது, ஏனென்றால் இரைப்பை உள்தோலுக்குக் கிள்ளும் வலி தெரியாது.

இங்கேதான் முக்கியமான இடம் வருகிறது. சந்தேகமான புண்ணில் ஒரு துண்டு மட்டும் எடுத்தால் போதாது. புண்ணின் ஓரத்தைச் சுற்றியும் நடுவிலுமாக ஆறு துண்டுக்குக் குறையாமல் எடுப்பது நல்ல முறை. வேறு இடத்தில் நிறமோ தோற்றமோ மாறியிருந்தால் அங்கேயும் எடுக்க வேண்டும். தசைக்குள் புதைந்திருக்கும் ஜிஸ்ட் கட்டிக்கு இதுவும் எட்டாது, ஏனென்றால் மேல் தோல் நல்ல தோலாகவே இருக்கும். அதற்கு, நுனியில் ஒலி அலைக் கருவி பொருத்திய ஸ்கோப்பும் ஊசியும் வேண்டும்.

எடுத்த துண்டுகள் யாரிடம் போகின்றன? நோயாளி கண்ணால் பார்க்காத ஒரு வைத்தியரிடம். அவர்தான் திசு ஆய்வு மருத்துவர். துண்டை மருந்தில் ஊறவைத்து, மெழுகில் பதித்து, ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கு கனத்தில் சீவி, கண்ணாடியில் ஒட்டி, ஊதாவும் இளஞ்சிவப்புமாகச் சாயம் ஏற்றுவார்கள். பிறகுதான் நுண்ணோக்கியில் பார்ப்பது. வெறும் தோற்றத்தை வைத்துச் சொல்ல முடியாதபோது சிறப்புச் சாயங்கள் உண்டு. லிம்போமா வகைக்கு ஒன்று, சுரப்பிப் புற்றுக்கு ஒன்று, ஜிஸ்ட் கட்டிக்கு ஒன்று என்று தனித்தனி அடையாளங்கள். ஜிஸ்டின் அடையாளத்தையும் அதன் மூலகாரணத்தையும் 1998ஆம் ஆண்டில் ஜப்பானிய ஆய்வாளர்கள் விளக்கினார்கள். அதன் பயனாக இமாட்டினிப் என்னும் மாத்திரை அந்தக் கட்டிக்கு உதவும் என்று தெரிந்தது. ஒவ்வொரு புற்றுக்கும் மருந்து வேறு. ஆகவே பெயர் சரியாகத் தெரியாமல் வைத்தியம் தொடங்க முடியாது. "ரிசல்ட் வர ஏன் இத்தனை நாள்?" என்று கோபப்படுகிறவர்கள் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

வலி நின்றதும் நின்றுவிடும் கால்கள்

கற்பனைக்கு ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஐம்பத்தைந்து வயதுத் தொழிலாளி. ஸ்கோப் எடுத்தார்கள், புண் தெரிந்தது, துண்டில் மால்ட் லிம்போமா என்று வந்தது. இரண்டு வாரம் மாத்திரை கொடுத்தார்கள். எரிச்சல் போயே போய்விட்டது! நன்றாகச் சாப்பிடுகிறார். சில மாதம் கழித்து மறுபடியும் ஸ்கோப்புக்கு வரச் சொல்லித் தேதி கொடுத்திருக்கிறார்கள். அவர் என்ன செய்வார்? ஒரு நாள் கூலி போகும், வண்டிச் செலவு ஆகும், "நல்லாத்தானே இருக்கேன், எதுக்கு அந்தக் குழாயை மறுபடி விழுங்கணும்?" என்பார். வீட்டிலும் ஆமோதிப்பார்கள்.

முதல் தடவை எடுத்த துண்டுகளில் அகப்படாமல், இரண்டு அங்குலம் தள்ளி, அரும்பு நிலையில் ஓர் அடினோகார்சினோமா இருந்திருந்தால்? மாத்திரை அதைத் தொட்டிருக்காது. மறு ஸ்கோப்பில் அகப்பட்டால் அகற்றிவிடக்கூடிய நிலை. தேதியைத் தவறவிட்டால் அடுத்த முறை அவர் வரும்போது வாந்தியோடும் எலும்பும் தோலுமாகவும் வருவார்.

இது வெறும் கற்பனைப் பயமல்ல. இரைப்பையில் மால்ட் லிம்போமா கண்டவர்களுக்கு உள்தோல் புற்று வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ ஆறு மடங்கு என்று நெதர்லாந்தில் 2008ஆம் ஆண்டு வெளியான ஆய்வு சொல்கிறது. ஆறு மடங்கு என்றாலும் நூற்றில் மிகச் சிலருக்குத்தான். ஆனால் அந்தச் சிலரில் நாம் இல்லை என்பதை மறு ஸ்கோப் ஒன்றுதான் சொல்ல முடியும்.

நாம் செய்ய வேண்டியவை

1. நாற்பது வயதுக்கு மேல் புதிதாக வயிற்றுக் கோளாறு தொடங்கினாலோ, எந்த வயதிலும் மாத்திரைக்கு அடங்காமல் சில வாரம் நீடித்தாலோ, கடை மாத்திரையை விட்டு அரசாங்க கிளினிக்குக்குப் போங்கள்.

2. காரணமின்றி உடம்பு இளைப்பது, இரண்டு கவளத்திலேயே வயிறு நிறைவது, அடிக்கடி வாந்தி, விழுங்கக் கஷ்டம், இரத்தச் சோகை, தார் போல் கறுத்த மலம் ஆகிய எதுவும் காத்திருக்கக்கூடியதல்ல. இரத்தவிருத்திக்கான இரும்பு மாத்திரையாலும் மலம் கறுக்கும். ஆனால் அதைத் தீர்மானிப்பது வைத்தியர் வேலை. இரத்த வாந்தியோ, கறுத்த மலத்தோடு மயக்கமோ கண்டால் உடனே ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

3. எந்தெந்த மாத்திரை, எத்தனை நாளாக என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். வலி மாத்திரை, நாட்டு மருந்து, சம்சு, சிகரெட் எல்லாவற்றையும் சொல்லுங்கள். அமிலம் அடக்கும் மாத்திரை சோதனை முடிவையே மாற்றிவிடக்கூடும்.

4. கிருமி மாத்திரையை முழுவதும் சாப்பிடுங்கள். நான்கு நாளில் நன்றாகிவிட்டது என்று நிறுத்தினால் கிருமி சாகாது, மருந்துக்கும் பழகிப்போகும். முடித்த பிறகு கிருமி போய்விட்டதா என்ற சோதனையையும் கேட்டுச் செய்துகொள்ளுங்கள்.

5. "இது என்ன வகைப் புற்று? ஒன்றுதானா? மறுபடி எப்போது பார்ப்பீர்கள்?" என்ற மூன்று கேள்விகளை வைத்தியரிடம் கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவல்ல. மலாயோ ஆங்கிலமோ தடையாக இருந்தால் படிக்கும் பிள்ளையை உடன் அழைத்துச் செல்லுங்கள்.

6. ரிப்போர்ட், ஆஸ்பத்திரி அட்டை எல்லாவற்றையும் ஒரே பிளாஸ்டிக் கோப்பில் வையுங்கள். சிரம்பானில் எடுத்த துண்டைப் பற்றிய தாள், கோலாலம்பூரில் பார்க்கும் வைத்தியருக்கும் வேண்டும். மறு தேதியை வீட்டு நாள்காட்டியில் சிவப்பு மையால் வட்டமிடச் சொல்லுங்கள். பிள்ளைகள் அதை மகிழ்ச்சியோடு செய்வார்கள்.

7. செலவுக்குப் பயந்து பின்வாங்காதீர்கள். குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு 2019ஆம் ஆண்டில் தொடங்கிய பெக்கா பி40 திட்டத்தில் புற்றுநோய்ச் சிகிச்சைக்கும் போக்குவரத்துக்கும் உதவித்தொகை உண்டு. ஊழியர் சேமநிதியில் மருத்துவத்துக்காகப் பணம் எடுக்கவும், சொக்சோவில் இயலாமை ஓய்வூதியம் கேட்கவும் வழி இருக்கிறது. தகுதி விவரங்களை ஆஸ்பத்திரிச் சமூகநல அதிகாரியிடம் கேளுங்கள்.

கடைசியாக இரண்டு தவறான எண்ணங்கள். "கத்தி பட்டால் புற்று பரவும்" என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. முற்றிய பிறகு அறுத்த காலத்தில், அறுத்த பின்னும் மக்கள் மாண்டதைப் பார்த்துப் பிறந்த பேச்சு அது. பரவலுக்குக் காரணம் தாமதம்தான், கத்தி அல்ல. "இரண்டு புற்று வருகிறதென்றால் செய்வினை" என்பார்கள் சிலர். காரணத்தை மேலே பார்த்தோம். மாரியம்மனுக்கு நேர்ந்துகொள்ளுங்கள், முருகனுக்குக் காவடி எடுங்கள். மனத்துக்கு அது பலம். ஆனால் ஆஸ்பத்திரித் தேதியன்று ஆஸ்பத்திரியில் இருங்கள்.

ரப்பர் மரத்தில் பட்டை வறண்டு பால் நின்றால், அனுபவமுள்ளவர் பட்டையை மட்டும் பார்ப்பதில்லை. குனிந்து வேரையும் தோண்டிப் பார்ப்பார். ஒரே மரத்தில் பட்டையிலும் நோய் இருக்கலாம், வேரிலும் வெள்ளைப் பூஞ்சை ஏறியிருக்கலாம் என்பது அவருக்குத் தெரியும். மரத்துக்குக் காட்டுகிற அந்தக் கவனத்தை நம் வயிற்றுக்கும் காட்டுவோம்.

இந்த இதழைப் படித்து முடித்ததும், பக்கத்து வீட்டில் வெகுநாளாக 'கேஸ்ட்ரிக்' என்று சொல்லிக்கொண்டிருக்கும் அண்ணனிடமோ அக்காவிடமோ கொடுங்கள். எழுதப் படிக்கச் சிரமப்படுபவராக இருந்தால் உட்கார்ந்து வாசித்துக் காட்டுங்கள்.

அடுத்த இதழில் வேறொரு விஷயத்தோடு சந்திப்போம். வணக்கம்.